வீட்டிலிருந்தே ஜப்பானிய மொழி பயில்வோம்

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு அயல்மொழி கற்பது புதிய செய்தியன்று. மாதுங்காவில் குடியேறிய தமிழ்ப் பெண்மணி மராத்தியைப் பள்ளியிலா கற்றார்? கரோல் பாகில் குடித்தனம் தொடங்கியவர் இந்தி இலக்கண நூலை வாங்கியா படித்தார்? காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசியபோது எண்கள் வந்தன. பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுத்துகள் வந்தன. அண்டை வீட்டாரோடு பழகியதில் மரியாதைச் சொற்கள் வந்தன. பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை எட்டிப் பார்த்ததில் வாக்கியங்கள் வந்தன. ஓராண்டு கழிந்தபின் பார்த்தால் மொழி நாவில் தங்கியிருந்தது. பல சிறிய வேலைகளை, நாள்தோறும், வெவ்வேறு வகையில் செய்ததன் பயன் அது.

இன்று நம் இல்லங்களில் அடிக்கடி பெயர் கேட்கும் மொழிகளுள் ஒன்று ஜப்பானிய மொழி. 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு, குறிப்பிட்ட தொழில்திறன் பெற்ற அயல்நாட்டாருக்கென ஒரு புதிய அனுமதி முறையை ஏற்படுத்தியது. அதன் தொடர்பாக 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் ஓர் ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டன. முதியோர் பராமரிப்பு, உணவுத் தொழில், கட்டட வேலை, வேளாண்மை முதலிய துறைகளுக்கு இம்முறையில் ஆட்கள் செல்கின்றனர். அடிப்படை மொழித் தேர்விலும் தொழில் தேர்விலும் தேறுவது பொது விதி. இதன் முதல் நிலை அனுமதியில் செல்பவர் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல இயலாது. தனியே வாழ வேண்டும். பொறியியலும் கணிப்பொறியும் கற்றோர் வேறு வகை அனுமதியில் செல்கின்றனர். அவர்களுடன் குடும்பத்தாரும் செல்வதுண்டு. எவ்வகையில் சென்றாலும், காய்ச்சல் கண்ட இரவில் மருத்துவரிடம் சொல்லத் தெரியாதவனுக்குக் கையிலுள்ள ஊதியம் துணையாகாது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. மராத்திக்கும் இந்திக்கும் வங்காளிக்கும் வாசலிலேயே வீதி இருந்தது. ஜப்பானிய மொழிக்கு நம் ஊர்களில் அத்தகைய வீதி இல்லை. நல்ல வகுப்புகள் சில நகரங்களில் உண்டு. எல்லோர்க்கும் அவை எட்டுவதில்லை. ஆதலால், வீதி நமக்குச் செய்த உதவிகளையெல்லாம் வீட்டிற்குள்ளேயே நாம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கான வழிகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யோக்கஹாமாவில் ஓர் இளைஞர்

தாமே மொழி கற்றவர்களுக்கு ஜப்பானிலேயே ஒரு சிறந்த முன்னோடி இருக்கிறார். ஃபுகுசாவா யுகிச்சி என்பது அவர் பெயர். 1835-இல் பிறந்த இவர் ஒசாகா நகரில் ஒகாதா கோவன் என்னும் மருத்துவர் நடத்திய பள்ளியில் டச்சு மொழியைக் கற்றுத் தேர்ந்தார். அக்காலத்தில் மேலைக் கல்விக்கு ஜப்பானியருக்கு இருந்த வாயில் டச்சு மொழியே. 1859-இல், அயல்நாட்டு வாணிகத்திற்குப் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த யோக்கஹாமா துறைமுகத்தைக் காணச் சென்றார். கடைகளின் பலகைகளை அவரால் படிக்க முடியவில்லை. அவர் பேசிய டச்சு அங்கிருந்தோர்க்கு விளங்கவில்லை. அங்கு வழங்கியது ஆங்கிலம் என்பதை உணர்ந்தார். பல்லாண்டு உழைப்பு வீணாயிற்றே என்று வருந்தினார். ஆயினும், உடனே ஆங்கிலம் கற்பதென உறுதி பூண்டார்.

ஆசிரியர் கிடைக்கவில்லை. டச்சு – ஆங்கில அகராதியைத் துணைக்கொண்டு படித்தார். உச்சரிப்பை அறிய, கடலில் திசை தவறி அயல்நாட்டாரிடம் தங்கித் திரும்பியவர்களைத் தேடிச் சென்று கேட்டார். அகராதி ஒரு வழி, நூல் ஒரு வழி, மனிதர் ஒரு வழி என மூன்றையும் கைக்கொண்டார். சிறிது காலத்தில் ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. டச்சு மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் அமைப்பில் ஒற்றுமை மிகுதி. ஆதலால் பழைய உழைப்பு வீணாகவில்லை. 1860-இல் கன்ரின் மாரு என்னும் கப்பலில் அமெரிக்கா சென்று வந்தார். பின்னாளில் கெய்யோ பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விக்கூடத்தை நிறுவினார். 1984 முதல் 2024 வரை வெளியிடப்பட்ட பதினாயிரம் யென் நாணயத்தாளில் அவர் உருவம் இடம்பெற்றிருந்தது.

டச்சு அவருக்கு ஆங்கிலத்தில் உதவியது போலவே, தமிழ் நமக்கு ஜப்பானிய மொழியில் உதவும் என்பது பலரும் அறியாத செய்தி.

தமிழ் தரும் துணை

'நான் நேற்றுச் சந்தையில் மீனை வாங்கினேன்' என்னும் வாக்கியத்தை ஜப்பானியர் 'வத்தஷி வா, கினோ, இச்சிபா தே, சகனா ஓ, கைமஷிதா' என்பர். வத்தஷி என்பது நான், கினோ நேற்று, இச்சிபா சந்தை, சகனா மீன். 'தே' என்பது நம் 'இல்' உருபு. 'ஓ' என்பது நம் 'ஐ' உருபு. சொற்களின் வரிசை சிறிதும் மாறவில்லை. ஆங்கிலத்தின் வழியே ஜப்பானிய மொழியைக் கற்பவர் வாக்கியத்தைத் தலைகீழாக்கி யோசிக்க வேண்டும். தமிழர்க்கு அத்துன்பம் இல்லை. 'வாங்கினேன், வாங்கினாய், வாங்கினார்' என்று இடந்தோறும் மாறும் விகுதிகளும் அங்கில்லை. எல்லாவற்றிற்கும் 'கைமஷிதா' ஒன்றே போதும்.

இன்னும் வியப்பானவை உண்டு. நாம் 'தின்று பார்' என்கிறோம். அங்கே கண்ணுக்கு வேலை இல்லை, முயன்று பார்த்தலே பொருள். ஜப்பானியரும் 'தபெதே மிரு' என்று, தின்பதற்கும் பார்ப்பதற்கும் உரிய வினைகளைச் சேர்த்தே சொல்வர். 'வாங்கி வை' என்பதற்குக் 'கத்தே ஒகு' என்பர். ஒகு என்பது வைத்தல். 'வாங்கி வா' என்பதற்குக் 'கத்தே குரு'. குரு என்பது வருதல். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பது 'கினோ கத்தா ஹொன்'. பேசுவோர்க்கு அருகிலிருப்பது 'கொரே', கேட்போர்க்கு அருகிலிருப்பது 'சொரே', இருவர்க்கும் சேய்மையிலிருப்பது 'அரே'. இது, உது, அது என்று நம் முன்னோர் வகுத்ததும் இப்படித்தான். யாழ்ப்பாணத்தார் 'உது' என்பதை இன்றும் வழங்குகின்றனர்.

ஓனோ சுசுமு என்னும் ஜப்பானிய அறிஞர், தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையன என்றே வாதிட்டார். மொழிநூலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, அமைப்பு ஒத்திருப்பது கண்கூடு. கற்பவர்க்கு அதுவே போதும். ஆதலால் இலக்கணக் குறிப்புகளை ஆங்கிலத்தில் படித்தாலும், வாக்கியங்களின் பொருளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சோறும் அரிசியும் ஒரே சொல். ஜப்பானியர்க்கு நெல் 'இனே', அரிசி 'கொமே', சோறு 'கொஹான்'. தண்ணீர் 'மிசு', வெந்நீர் 'ஒயு'. தமிழ் வழியே சென்றால் இவை தாமே பொருந்தும்.

எழுத்தும் ஓசையும்

தமிழ் துணை செய்யாத இடமும் ஒன்றுண்டு. அது நம் எழுத்து. ஜப்பானிய மொழியில் பொன்னும் வெள்ளியும் வெவ்வேறு ஒலியுடைய சொற்கள். பொன்னின் முதலெழுத்து 'கண்' என்பதன் ககரம் போல வல்லென ஒலிக்கும். வெள்ளியின் முதலெழுத்து 'தங்கம்' என்பதன் ககரம் போல மெல்லென ஒலிக்கும். தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்' ஆகிவிடும். இக்கட்டுரையில் தமிழெழுத்தில் தந்துள்ளவையும் ஏறக்குறைய ஒலிப்பனவே. ஆகவே, முதல் இரண்டு வாரங்களில் ஹிரகானா எழுத்துகளைக் கற்றுவிட வேண்டும். அடிப்படை எழுத்துகள் 46. அவற்றின் வரிசை அ, இ, உ, எ, ஒ எனத் தொடங்கிக் க, ச, த, ந என்று செல்லும். பௌத்தத் துறவியர் வழியே ஜப்பான் சென்ற இந்திய எழுத்து மரபின் சாயல் அவ்வரிசையில் இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தையும் அதை ஒரே நாளில் ஒப்பித்துவிடும். அடுத்த இரண்டு வாரங்களில் அயற்சொற்களை எழுத உதவும் கத்தகானாவைக் கற்கலாம்.

குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பது நமக்குத் தெரிந்ததே. 'ஒபசான்' என்பதில் பகரம் குறிலானால் அத்தை, சித்தி முதலியோர். 'ஒபாசான்' என நெடிலானால் பாட்டி. ஒற்று மிகுவதும் அவ்வாறே. 'கிதே' என்றால் 'வந்து'. 'கித்தே' என்றால் தபால்தலை. இவ்வேறுபாடுகளைக் கேட்டுணர ஆங்கிலேயர் வருந்துவர். தமிழர் செவி முன்பே பழகியது.

கஞ்சி எழுத்துகள்

சீனத்திலிருந்து வந்த எழுத்துகளுக்குக் கஞ்சி என்று பெயர். நாம் குடிக்கும் கஞ்சியோடு அதற்கு ஓசையொற்றுமை தவிர வேறு உறவில்லை. எனினும் பலருக்குத் தொண்டையில் சிக்குவது இதுவே. 2010-இல் திருத்தப்பட்ட பொதுவழக்குப் பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. அதைக் கண்டு அஞ்ச வேண்டா. ஜப்பானியக் குழந்தைகளே தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 எழுத்துகளைத்தான் கற்கின்றனர். முதல் வகுப்பில் 80 மட்டுமே.

கிழமைப் பெயர்களிலிருந்து தொடங்குவது எளிது. நமக்கும் அவர்களுக்கும் கிழமைகளுக்குரிய கோள்கள் ஒன்றே. திங்கட்கிழமைக்கு நிலவின் எழுத்து, செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு நீர், வியாழனுக்கு மரம், வெள்ளிக்குப் பொன், சனிக்கு மண், ஞாயிற்றுக்குக் கதிரவன். சுவரிலுள்ள நாட்காட்டியில் ஒவ்வொரு கிழமையின் கீழும் அதன் எழுத்தை எழுதிவிட்டால், ஒரு மாதத்தில் ஏழு எழுத்துகள் மனத்தில் பதியும். பிறகு அவை கிளைக்கும். மரம் இரண்டு சேர்ந்தால் தோப்பு. மூன்று சேர்ந்தால் காடு. மரத்தின் அருகில் மனிதன் நின்றால் இளைப்பாறுதல். கதிரவனும் நிலவும் சேர்ந்தால் ஒளி. பின்னும் ஒன்றை மறவாதீர்கள்: ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் இரண்டு ஓசைகள் உண்டு. மலை தனியே நின்றால் 'யமா'. ஃபுஜி என்பதோடு சேர்ந்தால் 'சான்'. ஆதலால் எழுத்தைத் தனியே உருப்போடாமல் சொல்லோடு சேர்த்தே கற்க வேண்டும்.

ஏழு நாள், ஏழு வேலை

தாமே பயில்வோர் பலர் இரண்டு மூன்று மாதங்களில் சோர்ந்து விட்டுவிடுவதைக் காண்கிறோம். ஒரே புத்தகத்தை ஒரே முறையில் புரட்டுவது அதற்கொரு காரணம். நாள்தோறும் கால் மணி நேரம் சொற்களுக்கு. அரை மணி நேரம் அந்நாளுக்குரிய வேலைக்கு. இவ்வளவே போதும்.

திங்கள்: கேட்டல். ஒரு நிமிட உரையாடலைப் புத்தகமின்றி மூன்று முறை கேட்க வேண்டும். பிறகு புத்தகத்தோடு ஒருமுறை. பிறகு பேசுபவரின் பின்னாலேயே நிழல்போலத் தொடர்ந்து சொல்ல வேண்டும். மின்ரயிலிலும் மெட்ரோவிலும் வேலைக்குச் செல்வோர் இதைப் பயணத்திலேயே முடிக்கலாம்.

செவ்வாய்: எழுதுதல். கைப்பேசியை மூடிவிட்டுக் கட்டம் போட்ட ஏட்டில் கையால் எழுதுங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்பது கோடுகளின் பொதுமுறை.

புதன்: வாக்கியம் மாற்றுதல். ஒரே அமைப்பை எடுத்துக்கொண்டு சந்தையை மருந்துக் கடையாக்குங்கள், மீனை முட்டையாக்குங்கள், நேற்றை நாளையாக்குங்கள். பத்து வாக்கியங்கள் போதும்.

வியாழன்: படித்தல். ஒரு சிறு பத்தியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தெரியாத சொல்லின் பொருளை முதலில் ஊகித்துவிட்டுப் பிறகு அகராதியைத் திறக்க வேண்டும்.

வெள்ளி: அடுக்களை. உப்பு 'ஷியோ', சர்க்கரை 'சத்தோ', முட்டை 'தமாகோ', காய்கறி 'யசாய்'. டப்பாக்களில் ஹிரகானாவில் சீட்டு ஒட்டுங்கள். அன்று சமைக்கும்போது எடுக்கும் பொருளையும் செய்யும் வேலையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்ற நாட்களைவிட இந்நாளில் வீட்டார் அனைவரும் சேர்ந்து கற்பர்.

சனி: நாடகம். பிள்ளை மருத்துவராகட்டும், தந்தை நோயாளியாகட்டும். 'நெத்சு கா அரிமசு' என்றால் காய்ச்சல் இருக்கிறது. 'யுக்குரி ஒனெகாய்ஷிமசு' என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். மருத்துவ ஊர்திக்கும் தீயணைப்புக்கும் 119, காவலருக்கு 110 என்னும் எண்களை ஜப்பானிய மொழியில் சொல்லிப் பழகுங்கள். பிறர் பெயருக்குப் பின்னே 'சான்' சேர்ப்பதும், தம் பெயருக்கு அதைச் சேர்க்காமலிருப்பதும் இந்நாடகத்தில் தாமே பழகிவிடும்.

ஞாயிறு: நாட்குறிப்பு. அவ்வாரம் நடந்ததை ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள். சென்ற மாதத்து ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். வளர்ச்சி தெரியும், தெரிந்தால் ஊக்கம் பிறக்கும்.

மறதிக்கு மருந்து

நாள்தோறும் உரிய கால் மணி நேரத்திற்கு ஒரு பழைய செருப்புப் பெட்டி போதும். ஜெர்மன் மொழியில் எழுதிய செபஸ்டியன் லைட்னர் 1972-இல் வெளியிட்ட நூலின் மூலம் பரவிய முறை இது. பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுக்க வேண்டும். சொல்லை அட்டையின் ஒரு புறமும் பொருளை மறுபுறமும் எழுதி முதல் அறையில் இடவேண்டும். முதல் அறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். நினைவிலிருந்த சொல் அடுத்த அறைக்குச் செல்லும். இரண்டாம் அறைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதற்கு வாரத்திற்கு ஒருமுறை, பிந்திய அறைகளுக்கு இன்னும் நீண்ட இடைவெளி. மறந்த சொல் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். தெரிந்ததில் காலம் வீணாகாது. தெரியாதது தப்பிச் செல்லாது. கைப்பேசியில் 'ஆன்கி' என்னும் செயலியும் இதே போன்ற வேலையைச் செய்கிறது. அச்சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். நாளுக்குப் புதுச்சொல் எட்டுக்கு மேல் வேண்டா. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

தேர்வும் வாழ்வும்

1984-இல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, 2010 முதல் ஐந்து நிலைகளாக நடைபெறுகிறது. ஐந்தாம் நிலை எளியது. முதல் நிலை கடியது. தில்லி, மும்பை, புனே, கொல்கத்தா, பெங்களூரு, சென்னை முதலிய நகரங்களில் இத்தேர்வு நடைபெறுகிறது. முற்கூறிய தொழில் அனுமதிக்கு நான்காம் நிலைச் சான்றோ, அதற்கீடான அடிப்படைத் தேர்வுச் சான்றோ வேண்டும். நான்காம் நிலையில் 180-க்கு 90 மதிப்பெண் பெறவேண்டும். பகுதிதோறும் குறைந்த அளவு மதிப்பெண்ணும் வேண்டும். கேட்டல் பகுதியில் 60-க்கு 19 பெறாதவர், மற்றவற்றில் எவ்வளவு பெற்றாலும் தேறமாட்டார். திங்கட்கிழமை வேலையை விட்டுவிடுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

அத்தேர்வில் வாய்மொழிப் பகுதி இல்லை. கையால் எழுதுவதும் இல்லை. விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து குறிப்பதே முறை. ஆகவே, சான்றிதழ் கையிலிருந்தும் வாய் திறவாதவர் உண்டு. விமானம் இறங்கிய மறுநாள் அவரை நோக்கிக் கேள்வி கேட்பவர் நான்கு விடைகளைத் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டார். குப்பையை எந்த நாளில் எவ்வகையாகப் பிரித்து வைப்பது என்னும் அறிவிப்பு குடியிருப்பின் சுவரில் தொங்கும். 'மொயெரு கொமி' என்றால் எரியும் குப்பை. அதைப் படிக்கத் தெரிந்தவரை அண்டை வீட்டார் மதிப்பர். சனிக்கிழமை நாடகமும் செவ்வாய்க்கிழமை எழுத்தும் தேர்வுக்கு வேண்டாதன போலத் தோன்றினாலும் வாழ்வுக்கு வேண்டியன என்பது இதனால் விளங்கும்.

புத்தகத்திற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஜப்பான் அறக்கட்டளை, ஜப்பானில் வாழச் செல்வோர்க்கென 'இரோதோரி' என்னும் பாடநூலை ஒலிப்பதிவுகளுடன் இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. 'மின்னா நோ நிஹோங்கோ' என்னும் நூலும் வகுப்புகளில் பெரிதும் வழங்குவது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு முடிக்கும் வரை மாற்றாதிருப்பது நலம். வேலைகள் பலவாகட்டும்; நூல் ஒன்றாகவே இருக்கட்டும்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே பகுதியில் வாழும் மூன்று நான்கு குடும்பங்களில் இம்மொழி பயில்வோர் இருப்பின், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் கூடுங்கள். அந்த ஒரு மணி நேரம் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் ஓய்வெடுக்கட்டும். ஜப்பானிலிருந்து விடுமுறையில் வருவோர் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். வீடு செய்ய இயலாததை அக்கூட்டம் செய்யும். அடுத்த திங்கட்கிழமை தொடங்கலாம். நாட்காட்டியில் அதன் கீழே நிலவின் எழுத்தை இன்றே எழுதி வையுங்கள்.